கரித்தூள் வட்டம்

நாவலூத்து கிராமத்தில் சிம்ரன் என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஒருத்தி பெட்டிக்கடை சிம்ரன். இன்னொருத்தி ஒன்றாம் வகுப்பு சிம்ரன். எப்போது பார்த்தாலும் மூக்கைச் சிந்திக்கொண்டே இருப்பாள். மூன்றாவதுதான் நம்ம சிம்ரன். ஆறாம் வகுப்பு.

போன வருஷம் வரைக்கும் இவளை 'நீர்பாய்ச்சி மக சிம்ரன்' என்றுதான் ஊரே கூப்பிட்டது. அவளுடைய அப்பா வீரணன்தான் கோரைக்கண்மாயின் மடையைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். இப்போது அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. "ஏத்தா, இங்கன வா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஏன் தெரியுமா? போன கார்த்திகையில் அவளுடைய தம்பி பாண்டீஸ்வரன் அந்தக் கண்மாயில் மூழ்கி இறந்துபோனான். ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் பொக்கைவாய்க் கிழவன் மாதிரி இருப்பான்.

கண்மாயின் மேற்கு ஓரத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதில் நத்தை பொறுக்க இறங்கினான். என்றைக்கோ செங்கல் சூளைக்காரர்கள் மண் வெட்டிவிட்டு மூடாமல் போன பள்ளம் ஒன்று தண்ணீருக்குள் இருந்தது. மேலே ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. அதில் கால் வைத்துவிட்டான். சூளையும் இல்லை, சூளைக்காரர்களும் இல்லை, பள்ளம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

மறுநாளே வீரணன் மடைச் சாவியைக் கொண்டுபோய் ஊர்ச் சாவடியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கண்மாய்க் கரையில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

ஊரிலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை, தானாகவே வந்தது. வீரணன் காதில் விழும்படி அந்தப் பையன் பெயரைச் சொல்லக் கூடாது. கண்மாயின் மேற்குப் பக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது. பள்ளம் என்று வாயைத் திறக்கவே கூடாது. டீக்கடையில் ரோட்டைத் திட்டுகிறவர்கள்கூட, வீரணன் வருவதைப் பார்த்தால், "ரோடு மேடு மேடா இருக்குய்யா" என்று மாற்றிக்கொள்வார்கள். எல்லாம் பாசத்தில்தான். அந்த மனுஷனை மேலும் நோகடிக்க யாருக்கு மனசு வரும்?

வீட்டிலும் அதே கதைதான். அம்மா மாயக்காள், தம்பியின் செருப்பை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அது அங்கே இருப்பது மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் தெரியாதது போலவே இருந்தார்கள். சிம்ரனுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. தம்பி செத்தது போதாதா? அவன் பிறக்கவே இல்லை என்பது போல் ஆகிவிட்டதே!

இப்படி இருக்கும்போதுதான் ஐப்பசி மாதத்தில் மகாலட்சுமி அக்கா தேனியிலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஏரி, குளங்களைச் சரிசெய்யத் திட்டம் போட்டுக் கொடுக்கும் ஆபீஸில் அவருக்கு வேலை. கோரைக்கண்மாய்க்கு ஒரு காலத்தில் நாரையும் தாழைக்கோழியும் கூட்டம் கூட்டமாக வருமாம். கோரை அழிந்தது, பறவைகளும் போய்விட்டன. அவற்றைத் திரும்ப வரவைக்கத் திட்டம் போட வேண்டும்.

இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஒச்சாண்டி அண்ணன் முதல் கூட்டத்திலேயே எழுந்தார். "என்னத்துக்கும்மா திட்டம்? ஜேசிபிய விட்டு மொத்தத்தையும் ஆழமாத் தோண்டிருவோம். சோலி முடிஞ்சது!"

"நாரை முழங்கால் தண்ணியில நின்னு இரை தேடுற பறவைண்ணே. நீங்க ஆளுயரத்துக்குத் தோண்டினா, அது எங்க போய் நீச்சல் கத்துக்கிட்டு வரும்?" என்றார் அக்கா.

ஊரே சிரித்தது. ஒச்சாண்டி அண்ணனும் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். கண்மாயின் கிழக்குப் பக்கத்தைத் தூர்வாருவது, மேற்கு ஓரத்தை ஆழம் குறைந்த சதுப்பாகவே விட்டு அதில் கோரையும் சம்புப் புல்லும் நடுவது, பறவைகள் உட்கார நடுவில் மண் திட்டுகள் போடுவது என்று பேச்சு வளர்ந்தது.

கார்த்திகை பிறந்தது. பள்ளிக்கூடம் லீவான ஒரு வியாழக்கிழமை, கண்மாயின் வரைபடம் போடுவதற்காக எல்லோரும் சாவடிக்கு முன்னால் கூடினார்கள். அக்காவின் வழக்கமே தனி. அவர் ஆபீஸில் உட்கார்ந்து படம் போட மாட்டார். ஊர்க்காரர்களையே தரையில் கோலப்பொடியால் போடச் சொல்வார். அதைப் பார்த்துத்தான் தாளில் எழுதிக்கொள்வார்.

நீலப்பொடி தண்ணீர். மஞ்சள் பாதை. பச்சை, கோரை நடப்போகும் இடம். வேப்பிலைக் கொத்துகள் மரங்கள், புளியங்கொட்டைகள் பறவைகள். வேலை தடபுடலாக நடந்தது. சந்தனம்மாள் அத்தை தன் வீட்டைக் கோயிலைவிடப் பெரிதாகப் போட்டுவிட்டார் என்று ஒரு சண்டை. அது தீர்வதற்குள் வெள்ளாடு ஒன்று புகுந்து தெற்குக் கரை மரங்களை மொத்தமாகத் தின்றுவிட்டது.

சிம்ரனுக்குக் கோலம் என்றால் உயிர். ஓடிப்போய் நீலப்பொடிக் கிண்ணத்தில் கை வைத்தாள்.

"ஏத்தா, வேணாம்" என்று சந்தனம்மாள் அத்தை மெதுவாக அவள் கையைப் பிடித்தார். "உங்க வீட்டுல இன்னும் வருசம் திரும்பலல்ல? துக்க வீட்டுப் பிள்ள கோலப்பொடியத் தொடக் கூடாது. அங்கிட்டுப் போயி உக்காரு கண்ணு."

தம்பிக்கு வருஷத் திதி வர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. சிம்ரன் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அங்கேதான் அப்பாவும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர்க் கூட்டம் என்றால் வந்துவிடுவார். வாயைத் திறக்க மாட்டார்.

சிம்ரனின் தோழி திரிஷா மேற்கு ஓரம் முழுவதும் பச்சைப்பொடியைத் தூவிக்கொண்டே போனாள். ஒரு இடம் பாக்கியில்லை.

மகாலட்சுமி அக்கா எழுந்து நின்றார். "மேற்கு ஓரத்துல அம்பது அடிக்கு ஒரு தடவை கம்பு விட்டு அளந்து பாத்துட்டேன். எங்கேயும் முழங்காலுக்கு மேல தண்ணி இல்ல. ஆனா இடையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. பள்ளம் கிள்ளம் ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

அவ்வளவுதான். எல்லாக் கண்ணும் ஒரு தடவை வீரணனைப் பார்த்தன. அப்புறம் எல்லாக் கண்ணும் தரையைப் பார்த்தன. ஒச்சாண்டி அண்ணன் தன் சட்டைப் பொத்தானை ஆராய்ச்சி செய்தார். அக்கா வெளியூர். ஒரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

வார்டு மெம்பர் கர்ணன் தொண்டையைச் செருமினார். அவர் சிம்ரனுக்குத் தாய்மாமா. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சமதரைதான்" என்றார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றார் அக்கா. "அப்ப சனிக்கிழமையே ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க நாப்பது பேரும் இறங்கி நட்டுரலாம். நான் சாப்பிட்டு வந்து இதைத் தாள்ல எழுதிக்கிறேன். சாயங்காலமே ஆபீஸ்ல கொடுத்துடணும்."

"நான்தான் முதல்ல இறங்குவேன்!" என்று திரிஷா குதித்தாள்.

திரிஷா வகுப்பிலேயே குள்ளம். சிம்ரனின் தோளுக்குத்தான் வருவாள்.

எல்லோரும் சாப்பிடக் கலைந்ததும் சிம்ரன் மாமா பின்னால் ஓடினாள்.

"மாமா, அங்கன பள்ளம் இருக்குல்ல?"

கர்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "ச்சூ! மெதுவாப் பேசு. உங்கப்பன் காதுல விழுந்துரப் போகுது."

"ஏன் மாமா இல்லன்னு சொன்னீக?"

"பின்ன, அந்த மனுசனை வச்சுக்கிட்டு அதைப் பேசச் சொல்றியா? மறுபடி படுத்தாருன்னா எந்திரிக்க மாட்டாருத்தா. எனக்குத் தெரியாதா? சனிக்கிழம அங்கன நாலு ஆள நிப்பாட்டிருவேன். சத்தமில்லாமப் பாத்துக்கிறலாம்."

"எந்த இடத்துல நிப்பாட்டுவீக? தாமரை மூடிக் கெடக்குதே. உங்களுக்கு இடம் தெரியுமா?"

மாமாவுக்குத் தெரிந்தால்தானே சொல்ல முடியும்? ஒரு வருஷமாக ஊரில் யாரும் அந்தப் பக்கம் ஆடுகூட ஓட்டவில்லை. "போயி சாப்புடு போ" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார்.

சிம்ரனுக்கு இடம் தெரியும். மொட்டைக் கருவேல மரத்துக்கு நேரே, கரையிலிருந்து பதினாலு எட்டு தூரம். அன்றைக்குப் பெரியவர்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் கரையில்தான் நின்றாள். எத்தனை எட்டு என்று தன்னை அறியாமல் எண்ணியிருந்தாள். மறக்கப் பார்த்தும் அந்த எண் மறக்கவில்லை.

சொன்னால் அப்பா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் சனிக்கிழமை நாற்பது பிள்ளைகள், அதில் முதல் ஆள் திரிஷா. சிம்ரன் சாவடி முன்னால் தனியாக நின்றுகொண்டு அந்தப் பச்சையையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அழுதால் பள்ளம் மூடிவிடுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒச்சாண்டி அண்ணனின் இஸ்திரி வண்டிக்குப் போனாள்.

"அண்ணே, கொஞ்சம் கரி வேணும்."

"எதுக்கு? பல்லு வெளக்கவா? மத்தியானத்துலயா?"

"கோலப்பொடியத்தான தொடக்கூடாதுன்னாக. கரியத் தொட்டா ஒண்ணும் இல்லல்ல?"

ஒச்சாண்டி அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அணைந்த கரி நாலைந்தை எடுத்துக் கொடுத்தார்.

சிம்ரன் அதைக் கல்லில் நுணுக்கினாள். வரைபடத்தின் ஓரமாக உட்கார்ந்து, மொட்டை மரத்துக்காக வைத்திருந்த குச்சியிலிருந்து கணக்குப் பார்த்து, பச்சையின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் போட்டாள். உள்ளேயும் கரியை நிரப்பினாள். வட்டம் கோணலாக வந்தது.

சாப்பிட்டுவிட்டு முதலில் வந்தது சந்தனம்மாள் அத்தை. "அய்யய்யோ! நல்லா இருந்த படத்துல யாருடீ இந்த வேலையப் பாத்தது?"

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். கர்ணன் பார்த்தவுடனே புரிந்துகொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் அந்த வட்டத்தை அவசர அவசரமாகத் தேய்த்தார்.

"அழிக்காதீக மாமா!"

சிம்ரனுக்கே தன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாது. வேப்பமரத்தடியில் அப்பா எழுந்து நின்றார். தலையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அவர் வரைபடத்தை நோக்கி நடந்து வந்தார். கூட்டம் வழி விட்டது.

"என்னது இது?" என்று கேட்டார் வீரணன்.

"ஒண்ணுமில்ல மச்சான், பிள்ள சும்மா வெளாண்டுருக்கு" என்றார் கர்ணன்.

"இல்லப்பா" என்றாள் சிம்ரன். கரிக் கையைப் பாவாடையில் துடைத்தாள். உதடு பிதுங்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் விடவில்லை. "அது பள்ளம். பாண்டி செத்துப்போன பள்ளம். சனிக்கெழம அங்கனதான் எங்க எல்லாரையும் எறக்கப் போறாக. திரிஷா மொதல்ல எறங்குறேங்குது. அதான்ப்பா போட்டேன்."

பாண்டி.

ஒரு வருஷமாக அந்த ஊரில் யாரும் வெளியில் சொல்லாத பெயர். சந்தனம்மாள் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகாலட்சுமி அக்கா கையிலிருந்த தாளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பது பிள்ளைங்க..." என்று முணுமுணுத்தார். "நானே இறக்கி விட்டிருப்பேனே."

வீரணன் மண்டியிட்டு உட்கார்ந்தார். பாதி அழிந்துபோன அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். இப்போது அழுவார், விழுவார் என்று கர்ணன் பக்கத்திலேயே கையை நீட்டித் தயாராக நின்றார்.

"எடம் சரிதான்" என்றார் வீரணன். "ஆழம் ஒம்பது அடி."

பிறகு மகளிடம் கையை நீட்டினார். "மிச்சக் கரியக் கொடு ஆத்தா."

சிம்ரன் கொடுத்தாள். வீரணன் பச்சையின் மேல் இன்னொரு வட்டம் போட்டார். "இது ஆறடி." தள்ளிப்போய் மூன்றாவது. "இது ஏழு. உள்ள பூரா சேறு, கால் வச்சா இழுக்கும்." நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. கடைசியாக ஓடை வந்து சேரும் இடத்தில் ஒன்று. மொத்தம் ஏழு வட்டம். திரிஷா தூவிய பச்சையில் கால் வைக்க இடமில்லை.

"மச்சான்..." கர்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் கரைப் பக்கமே போறதில்லையே?"

"சித்திரையில தண்ணி வத்துனப்பப் போனேன். நல்ல வெயில்ல போனேன், யாரும் பாக்கல. ஒவ்வொண்ணுலயும் எறங்கி அளந்தேன். இன்னொரு பிள்ள போயிரக் கூடாதுல்ல?"

"அப்ப ஏன் மச்சான் எங்ககிட்டச் சொல்லல?"

வீரணன் நிமிர்ந்து பார்த்தார். "யாராச்சும் கேப்பீகன்னு இருந்தேன். என்னக் கண்டதுமே பேச்ச மாத்திருறீக. சரி, இவுகளுக்கு எம்மகன் பேரக் கேக்கவே பிடிக்கல போலன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். இன்னைக்கு இந்தம்மா கேட்டப்பவும் இல்லன்னே சொன்னீக, சனிக்கெழமைக்கு முன்னாடி நானே போயிக் கம்பு நட்டுரலாம்னு இருந்தேன்."

கர்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அவ்வளவு பெரிய மீசை வைத்த மாமா அப்படி அழுது சிம்ரன் பார்த்ததே இல்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையெல்லாம் கரியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா ஆபீஸுக்குப் போகவில்லை. படத்தை முதலிலிருந்து போட்டார்கள். சனிக்கிழமை நடவு வடக்கு ஓரத்துக்கு மாறியது. அங்கே தரை கெட்டி என்று வீரணன் சொன்னார்.

"இந்த ஏழு பள்ளத்தையும் மூடிடலாமா?" என்று கேட்டார் அக்கா.

"மூணை விட்டுருங்கம்மா. கோடையில மீன் தங்குறதுக்கு ஆழம் வேணும். ஆனா ஓரத்தச் செங்குத்தா விடாதீக. சரிவா வெட்டுங்க. ஒரு பிள்ள தவறிக் கால் வச்சாலும் தவழ்ந்து ஏறி வந்துறணும்."

அக்கா அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக அந்த முதல் வட்டத்தைக் காட்டினார். "இது?"

வீரணன் அந்தக் கரியை விரலால் தொட்டார். "இத மூடிருங்க. மண்ணு நான் சுமக்குறேன். மேல ஒரு திட்டுப் போடுங்க. பறவை வந்து உக்காரட்டும்."

சனிக்கிழமை வந்தது. வீரணன் விடியற்காலையிலேயே ஒச்சாண்டியோடு தண்ணீரில் இறங்கி, ஏழு பள்ளத்தைச் சுற்றியும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டார். பிள்ளைகள் வடக்கு ஓரத்தில் இறங்கினார்கள். சொன்னபடியே திரிஷாதான் முதல் ஆள். இறங்கின வேகத்தில் சறுக்கித் தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தாள். தண்ணீர் இடுப்புக்குக்கூட வரவில்லை. கையில் பிடித்திருந்த கோரை நாற்றை மட்டும் அவள் விடவே இல்லை.

"ஏலே, அங்கிட்டுப் போகாதீக! கம்புக்கு இங்கிட்டே நில்லுங்க!" என்று வீரணன் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலம் கர்ணன் ஓடிவந்து அவர் கையில் எதையோ வைத்தார். மடைச் சாவி. வீரணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாயக்காள் சோறு போட்டாள். அப்பளமும் பொரித்திருந்தாள். மூன்று பேரும் வழக்கம்போலக் குனிந்து உட்கார்ந்தார்கள்.

வீரணன் அப்பளத்தை எடுத்தார். தட்டில் மறுபடி வைத்தார். கட்டிப்போன தொண்டையோடு, "பாண்டி இருந்தா இந்நேரம் என் தட்டுல இருந்து தூக்கிட்டு ஓடியிருப்பான்" என்றார்.

மாயக்காளின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. சிம்ரன் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"முன்பல்லு இல்லாம எப்படிப்பா கடிப்பான்?" என்றாள்.

"கடைவாயில வச்சு நொறுக்குவானே, மறந்துட்டியா?" என்றாள் அம்மா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எழுந்துபோய், அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு அந்தச் சின்னச் செருப்பை எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்து, வாசலில் மற்றச் செருப்புகளோடு வைத்தாள்.

பிறகு மூன்று பேரும் அவனைப் பற்றிப் பேசினார்கள். பேசிப் பேசிச் சோறு ஆறிப்போனது, யாரும் அதைக் கவனிக்கவில்லை.